வானத்தைத் தரம் பிரித்த கண்கள்

திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது ஈரோட்டுக்குச் சற்று வடக்காகக் காவிரியைக் கடக்கும். பிறகு பவானிப் பாசன வயல்களைத் தாண்டி நீலகிரியில் ஏறி, உதகமண்டலத்துக்கு அருகிலுள்ள முத்தோரையைத் தொடும். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரண்டு இடங்களும் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.4 பாகை அளவில் உள்ளன. சேலம் நகரம் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, நாமக்கல் கொஞ்சம் தெற்கே. ஆகவே முத்தோரையில் தலைக்கு மேல் கடந்துபோகும் வானமும் சேலம், நாமக்கல் சமவெளிக்கு மேல் கடந்துபோகும் வானமும் ஒன்றுதான்.

இன்று கணினி ஒன்று, ரேடியோ அலையில் எடுத்த விண்மீன் திரள் படத்தைப் பார்த்து, 'இது இன்ன வகை' என்று நொடிக்குள் சொல்லிவிடுகிறது. அந்தத் திறமைக்கு ஒரு முன்கதை உண்டு. அதில் ஒரு நல்ல பங்கு இந்த அட்சரேகையில் நடந்தது.

1961இல் வெளிநாடுகளில் பணிபுரிந்த நான்கு இந்திய ரேடியோ வானியலாளர்கள், தாயகம் திரும்பி ஒரு குழுவாக இயங்க விரும்புவதாக எழுதினார்கள். கோவிந்த் ஸ்வரூப், டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன் ஆகியோரே அந்த நால்வர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அடுத்த ஆண்டே தந்தி மூலம் வரவேற்றார். 1963இல் ஸ்வரூப் பம்பாய் வந்து சேர்ந்தார். அந்த நேரத்தில் வானியல் உலகத்தை உலுக்கிய செய்தி ஒன்று இருந்தது. 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை நிலவு மறைத்த தருணத்தை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவு செய்த சிரில் ஹசார்டும் அவரது குழுவினரும் அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கணித்திருந்தார்கள். அந்தக் கணிப்பைக் கொண்டு மார்ட்டன் ஷ்மிட், அது மிகத் தொலைவிலுள்ள குவாசார் என்ற பேரொளிப் பொருள் என்று கண்டுபிடித்தார். இதைப் படித்த ஸ்வரூபுக்கு, நிலவையே கருவியாக்கினால் நூற்றுக்கணக்கான மூலங்களை அளந்துவிடலாம் என்று தோன்றியது.

இந்த முறையின் அழகை நின்று பார்க்க வேண்டும். அந்நாளைய ரேடியோ தொலைநோக்கிகளுக்குக் கூர்மை போதாது. வானில் ரேடியோ அலை எங்கிருந்தோ வருகிறது என்பது தெரியும். அங்கே இருப்பது புள்ளியா, இரட்டையா, நீண்ட வாலா என்பது தெரியாது. நிலவு வானப் பின்னணியில் நொடிக்கு ஏறத்தாழ அரை விகலை நகர்கிறது. பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான அளவுதான்: ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. நிலவின் விளிம்பு மூலத்தை மறைக்கும்போது சிக்னல் சட்டென விழுந்தால் அது சிறியது. மெல்ல மெல்ல விழுந்தால் அகன்றது. இரண்டு படிகளாக விழுந்தால் அங்கே இரண்டு மூலங்கள் உள்ளன. காலத்தை அளந்தாலே கோணம் கிடைத்துவிடும்.

நிலவைப் பல மணி நேரம் தொடர வேண்டும் என்றால் தொலைநோக்கி மிகப் பெரிதாகவும் எளிதில் திரும்புவதாகவும் இருக்க வேண்டும். ஸ்வரூப் குழு கண்ட வழி இது: நீண்ட தொலைநோக்கியைத் தெற்கு வடக்காகப் படுக்க வைத்து, அதன் அச்சைப் பூமி சுழலும் அச்சுக்கு இணையாக்கிவிட்டால், அந்த ஒரே அச்சில் சுழற்றியே வானத்தைப் பின்தொடரலாம். அதற்கு வடக்கு நோக்கி ஏறும் மலைச்சரிவு ஒன்று வேண்டும். சரிவின் கோணம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம் வேண்டும், சுற்றுப்புறத்தில் ரேடியோ இரைச்சலும் குறைவாக இருக்க வேண்டும். சமவெளியில் அதே அட்சரேகை கிடைக்கும், சரிவு கிடைக்காது. முத்தோரையில் இரண்டும் சேர்ந்து கிடைத்தன.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பரவளைய வடிவில் 24 இரும்புச் சட்டங்கள். அவற்றின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். அந்தக் கம்பிகளே பிரதிபலிப்பான். இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே செய்து, 1970 பிப்ரவரியில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்த காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சாதனையின் பெருமை தமிழ்நாட்டில் போதுமான அளவு பேசப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். சேலம் ஜங்ஷனில் இரவு ரயிலேறி மேட்டுப்பாளையம் போய் ஊட்டி பார்த்துவரும் ஆயிரக்கணக்கானோரில், தாவரவியல் பூங்காவோடு முத்தோரையையும் பார்த்துவந்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள்.

முத்தோரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்களை நிலவு மறைப்பு முறையில் அளந்தார்கள். ஒவ்வொரு மறைப்பும் பதிவுத் தாளில் ஏறி இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து மூலத்தின் வடிவத்தை மீட்டெடுப்பது ஆய்வாளரின் வேலை. இது ஒற்றையா இரட்டையா, இரட்டை என்றால் எது பிரகாசம், இடைவெளி எத்தனை விகலை என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தார்கள். 1975இல் விஜய் கபாஹியும் ஸ்வரூபும் வெளியிட்ட முடிவுகள் அந்த உழைப்பின் பலன். மூலங்கள் மங்க மங்க அவற்றின் கோண அளவும் சிறுத்துக்கொண்டே போகிறது, பண்டைய பிரபஞ்சத்தில் இருந்தவை இன்று அருகில் இருப்பவற்றைப் போல இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். 'பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருக்கிறது' என்ற கோட்பாட்டுக்கு எதிராகவும், பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு ஆதரவாகவும் நீலகிரிச் சரிவிலிருந்து போன சாட்சியம் இது.

வடிவத்தைப் பார்த்து வகை பிரிக்கும் தொழிலில் இந்தியர்களின் பங்கு அதற்கும் முந்தியது. 1953இல் இங்கிலாந்தின் ஜாட்ரல் பேங்கில் ஆய்வு செய்துகொண்டிருந்த இந்தியர் மிருணாள் குமார் தாஸ்குப்தா, ரோஜர் ஜெனிசனுடன் சேர்ந்து சிக்னஸ் ஏ என்ற பேரொளி மூலத்தை ஆராய்ந்தார். அது ஒரே திட்டு அல்ல, நடுவிலுள்ள விண்மீன் திரளுக்கு இரு புறமும் பிரிந்து நிற்கும் இரண்டு திட்டுகள் என்று தெரிந்தது. ரேடியோ விண்மீன் திரள்கள் பெரும்பாலும் இரட்டை உருவம் கொண்டவை என்ற அறிவு அங்கே தொடங்கியது. திரளின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை இரு திசையிலும் பீய்ச்சும் தாரைகளே அந்தத் திட்டுகளை உண்டாக்குகின்றன என்பது பின்னால் தெளிவானது.

1974இல் கேம்பிரிட்ஜில் பெர்னார்ட் ஃபனரோஃபும் ஜூலியா ரைலியும், தெளிவாகப் படமெடுக்க முடிந்த 57 மூலங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பார்த்தது ஒரே ஒரு விகிதம். இரு பக்கமும் மிகப் பிரகாசமான இடங்களுக்கு இடையிலுள்ள தூரம், மூலத்தின் முழு நீளத்தில் பாதிக்கும் குறைவா, அதிகமா? குறைவாக இருந்தால் நடுவில் ஒளிர்ந்து ஓரத்தில் மங்கும் முதல் வகை. அதிகமாக இருந்தால் ஓரங்கள் ஒளிரும் இரண்டாம் வகை. ஆச்சரியம் என்னவென்றால், பலம் குறைந்தவை ஏறக்குறைய எல்லாம் முதல் வகையிலும் பலம் மிகுந்தவை ஏறக்குறைய எல்லாம் இரண்டாம் வகையிலும் போய் உட்கார்ந்தன. ஒரு அளவுகோலை வைத்து அளந்த உருவம், உள்ளே இயங்கும் இயந்திரத்தின் வலுவையே சொல்லிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பிரிவினை நிற்கிறது. ஃபனரோஃப் பிறகு தென்னாப்பிரிக்காவில் உலோகத் தொழிலாளர் சங்கத்தில் பணிபுரிந்தார், மண்டேலாவின் அரசில் பொறுப்பேற்றார், அதன்பின் அந்நாட்டின் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கே தலைமை தாங்கினார்.

வகைகள் பெருகின. கொத்தாக இருக்கும் விண்மீன் திரள்களுக்கு நடுவே ஓடும் ஒன்றின் தாரைகள், எதிர்ப்படும் வாயுவால் பின்னோக்கி வளைந்துபோகும். அவை வளைவால் வகை. சிலவற்றில் ஒரு பக்கம் முதல் வகையாகவும் மறுபக்கம் இரண்டாம் வகையாகவும் இருக்கும். இந்தக் கலப்பு வகையை 2000ஆம் ஆண்டில் பால் வீட்டாவுடன் சேர்ந்து எடுத்துக்காட்டிய கோபால் கிருஷ்ணா, முத்தோரைத் தொலைநோக்கியில் நிலவு மறைப்புகளை ஆராய்ந்து தொழில் கற்றவர்.

அதன்பின் படங்கள் வெள்ளமாக வந்தன. அமெரிக்காவின் விஎல்ஏ தொலைநோக்கி எடுத்த ஃபர்ஸ்ட் என்ற கணக்கெடுப்பில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மூலங்கள். ஸ்வரூப் தலைமையில் புனே அருகே கோடாட்டில் எழுந்த ஜிஎம்ஆர்டி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்களின் கூட்டணி. அது 2010 முதல் 2012 வரை 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் 90 விழுக்காட்டைப் படம்பிடித்தது. அந்தத் தரவைப் புதிதாகப் பதப்படுத்தி 2017இல் வெளியிட்ட பட்டியலில் சுமார் 6.2 லட்சம் மூலங்கள் இருந்தன. ஒரு படத்துக்கு ஒரு நிமிடம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று ஒருவர் விடுமுறையே இல்லாமல் பார்த்தாலும் மூன்றரை ஆண்டு ஆகும். ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி 2022இல் வெளியிட்டது 44 லட்சம். அதே கணக்கில் அது ஒருவரின் இருபத்தைந்து ஆண்டுகளை விழுங்கும். இவற்றில் பெரும்பாலானவை வெறும் புள்ளிகள்தான். ஆனால் எது புள்ளி, எது உருவம் என்று தெரிந்துகொள்ளவும் யாராவது பார்த்தாக வேண்டும்.

முதலில் பொதுமக்களை அழைத்தார்கள். 2007 ஜூலையில் தொடங்கிய கேலக்ஸி ஜூ, ஏறத்தாழ பத்து லட்சம் விண்மீன் திரள்களின் ஒளிப்படங்களை இணையத்தில் வைத்து, 'இது சுருளா, நீள்வட்டமா' என்று கேட்டது. முதல் ஆண்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. 2013 டிசம்பரில் ரேடியோ கேலக்ஸி ஜூ வந்தது. அதில் வேலை செய்த இரண்டு ரஷ்யத் தன்னார்வலர்கள் பிரமாண்டமான வளைவால் திரள் ஒன்றைக் கண்டார்கள். அது இருந்த திரள்கொத்துக்கு அவர்களது பெயரையே வைத்தார்கள்.

அதே 2013 ஏப்ரலில் ஆனந்த ஹோதா இந்தியாவில் தொடங்கிய ரேட்@ஹோம் திட்டம், நம் ஊர் மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஜிஎம்ஆர்டி எடுத்த படங்களைக் கல்லூரி மாணவர்களிடமே கொடுத்துப் பார்க்கப் பழக்கியது. ஒரு திரளிலிருந்து புறப்பட்ட தாரை பக்கத்துத் திரள்மீது மோதிச் சிதறும் ரேட்12 என்ற அபூர்வக் காட்சியை 2022இல் அந்தக் குழு அறிவித்தது. 2025இல் லோஃபார் தரவில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இரட்டை வளையத்தைக் கண்டது. இதுவரை அறிந்த இத்தகைய வளையங்களில் மிகத் தொலைவானது அதுவே. ஆய்வுக்கூடம் ஏதும் இல்லாத ஊரில் பிறந்தாலும், இணைய இணைப்பும் பொறுமையும் இருந்தால் இந்த வேலையில் பங்கு பெறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இயந்திரம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. சேலத்து மாம்பழ மண்டியில் வேலைக்குச் சேரும் பையனுக்கு யாரும் இலக்கணம் சொல்லிக்கொடுப்பதில்லை. மல்கோவா, இமாம்பசந்த், பெங்களூரா, செந்தூரா என்று ஆயிரக்கணக்கான பழங்கள் கையில் ஏறி இறங்கும். தப்பாகக் கூடையில் போட்டால் மூத்தவர் எடுத்து மாற்றிவைப்பார். இரண்டு பருவம் போனால் தோள்பட்டையின் வளைவையும் மூக்கின் கூர்மையையும் பார்த்த மாத்திரத்தில் கை தானாகப் பிரிக்கும். ஆழ்கற்றல் என்று சொல்லும் டீப் லேர்னிங் முறையில் கணினியும் இப்படியே பழகுகிறது. வகை எழுதிய படங்களை அடுக்கடுக்கான கணக்குகளின் வழியே செலுத்துகிறார்கள். முதல் அடுக்கு ஓரங்களைப் பிடிக்கும், அடுத்தவை திட்டுகளையும் வளைவுகளையும் பிடிக்கும், கடைசி அடுக்கு வகையைச் சொல்லும். தவறாகச் சொன்னால் அந்தத் தவறு பின்னோக்கிப் போய், அடுக்குகளிலுள்ள எண்களைத் துளித்துளியாகத் திருத்தும். 2012இல் அலெக்ஸ்நெட் என்ற வலைப்பின்னல், படம் அடையாளம் காணும் போட்டியில் மற்ற முறைகளைப் பின்தள்ளிய பிறகு, வானியலாளர்களும் இதைக் கையிலெடுத்தார்கள். பெல்ஜியத்தின் சாண்டர் டீலமன் 2015இல் வெளியிட்ட வலைப்பின்னல், கேலக்ஸி ஜூ மக்கள் அளித்த வாக்குகளையே பாடப் புத்தகமாகப் படித்தது.

ரேடியோ விண்மீன் திரள்களுக்கு இதைச் செய்து காட்டியவர்கள், தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்த அருண் அனியனும் க்ஷிதிஜ் தோரத்தும். 2017இல் வெளியான அவர்களது கட்டுரையைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது பாடத்தின் அளவு. முதல் வகை, இரண்டாம் வகை, வளைவால் என ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 200 மூலங்கள்தான். ஆண்டுக்கணக்கில் ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்துப் பிரித்து வெளியிட்டிருந்த பட்டியல்கள் அவை. போதாததால் ஒவ்வொரு படத்தையும் பல கோணங்களில் சுழற்றிப் பெருக்கினார்கள். வானத்தில் மேல் கீழ் கிடையாது, எப்படித் திருப்பினாலும் வகை மாறாது என்பது அவர்களுக்குக் கைகொடுத்தது.

முடிவை நேர்மையாக எழுதியிருந்தார்கள். கணினி வளைவால் என்று சொன்ன நூறில் 95 சரி. முதல் வகை என்றதில் 91 சரி. இரண்டாம் வகை என்றதில் 75தான் சரி. நாலில் ஒன்று பிசகு. வளைவாலில் இன்னொரு பக்கமும் உண்டு. சொன்னதெல்லாம் பெரும்பாலும் சரியாக இருந்தாலும், உண்மையான வளைவால்களில் 79 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது, மீதியைத் தவறவிட்டது. 'துல்லியம் 95 விழுக்காடு' என்று ஒற்றை எண்ணைத் தலைப்பாக்கிக் கொண்டாடுபவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் கேட்டுப் பழக வேண்டும்.

அதன் பிறகு வேகம் கூடியது. ரேடியோ கேலக்ஸி ஜூ தன்னார்வலர்களின் தீர்ப்புகளைப் படித்த கிளாரன் என்ற வலைப்பின்னல் வந்தது. சுழற்றினாலும் வகை மாறாது என்ற உண்மையைக் கணக்கின் அமைப்பிலேயே பதித்த வலைப்பின்னலை 2021இல் அன்னா ஸ்கைஃபும் ஃபியோனா போர்ட்டரும் வெளியிட்டார்கள். பயிற்சிக்கென்றே அவர்கள் தொகுத்த மிராபெஸ்ட் என்ற படத்தொகுப்பில் 1,256 மூலங்கள் உள்ளன. அதில் மனதைத் தொடும் ஒரு விவரம் உண்டு. பார்த்த மனிதருக்கு உறுதியாகத் தெரிந்தவை, சந்தேகமானவை என்று இரண்டு குறிப்புகளையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். மனிதருக்கு வந்த தயக்கமும் இயந்திரத்துக்குத் தெரிய வேண்டிய பாடம்.

பழகாத உருவம் வந்தால் என்ன ஆகும்? மூன்று கூடை மட்டுமே தெரிந்த இயந்திரம் நாலாவதையும் மூன்றில் ஒன்றில் போட்டுவிடும். 2019இல் ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த அன்னா கபின்ஸ்கா, எந்தப் பட்டியலிலும் இல்லாத மங்கலான வட்டம் ஒன்றைக் கண்டார். விசித்திர ரேடியோ வட்டங்கள் என்று இன்று பேசப்படும் புதிய வகை அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தேடத் தொடங்கியதும் இன்னொன்று பழைய தரவுக் கிடங்கில் கிடைத்தது. 2013இலேயே நம் ஜிஎம்ஆர்டி அதைப் படமெடுத்து வைத்திருந்தது. பார்க்க ஆளில்லாமல் ஆறு ஆண்டுகள் அது அங்கே கிடந்தது. இப்போது வினோதங்களைத் தனியே ஒதுக்கி மனிதர் பார்வைக்கு அனுப்பும் கணினி முறைகளும் வந்துவிட்டன. அனியனும் தோரத்தும் தங்கள் கட்டுரையிலேயே அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்த வேலைப் பிரிவினையே சரியானது என்பது இக்கட்டுரையின் துணிபு. தெரிந்ததை இயந்திரம் பிரிக்கட்டும், தெரியாததை மனிதர் பார்க்கட்டும்.

2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எஸ்கேஏ என்ற மாபெரும் தொலைநோக்கியின் கட்டுமானம் தொடங்கியது. அது ஆண்டுக்கு 700 பெட்டாபைட் அளவில் தரவைத் தரும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். இந்தியா அதில் உறுப்பினராகச் சேர 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. ஊட்டியிலும் கோடாட்டிலும் தொலைநோக்கி கட்டிய அனுபவமே இந்தியாவுக்கு அந்தச் சபையில் இருக்கை வாங்கித் தந்தது. ஸ்வரூப் அதைக் காண இல்லை. 2020 செப்டம்பரில், 91 வயதில் காலமானார்.

சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் இன்று தனிப் பாடப்பிரிவுகள். இறுதியாண்டுச் செயல்திட்டம் என்றதும் முகம் அடையாளம் காண்பதையும் பூனையா நாயா என்று பிரிப்பதையும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். மிராபெஸ்ட் படங்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கின்றன. ஜிஎம்ஆர்டியின் 150 மெகாஹெர்ட்ஸ் வானப் படங்களும் அப்படியே. வகுப்பில் ஒருவருக்காவது இந்தச் செய்தி போய்ச் சேரட்டும். முதலில் நூறு படங்களைக் கணினியிடம் கொடுக்காமல் தாங்களே பார்த்து வகை எழுதச் சொல்லுங்கள் ஆசிரியர்களே. வலைப்பின்னலை அதன் பிறகு பயிற்றுவிக்கலாம்.